நிற்காமல் இறங்கிய எண்

ஸோரா டுகிச் தன் வாழ்நாளில் ஒரு டாலர்கூடப் பந்தயம் கட்டியதில்லை. ஆனால் பந்தயம் கட்டுகிறவர்களின் முகத்தைப் பார்த்தே பதினான்கு வருஷம் சாப்பிட்டாள். லாஸ் வேகஸின் பழைய பகுதியில் இருந்த ஒரு சின்ன சூதாட்ட விடுதியில், பந்தயக் கூடத்தின் மூன்றாவது ஜன்னல் அவளுடையது. பணத்தை வாங்கி, சீட்டு எழுதிக் கொடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஒஹாயோ பக்கம் எஃகு ஆலைப் புகைக்கு அடியில் பிறந்தவள் அவள். அப்பா குரோவேஷியாவிலிருந்து வந்து உலைக்கூடத்தில் உழைத்தவர். பார்த்துச் செய்துவைத்த கல்யாணம் ஒத்துவராமல், முப்பத்தெட்டு வயதில் ஒரு பெட்டியோடு பேருந்து ஏறி இந்தப் பாலைவனத்துக்கு வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் இல்லை. வாடகை வீடு, ஒரு பழைய கார், ஞாயிற்றுக்கிழமை கோயில். இதைத் தவிர அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பைத்தியம். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும், அன்றைய ஆட்டங்களைக் கோடு போட்ட நோட்டில் எழுதிவைப்பாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கூடம் முதலில் போட்ட எண், ஆட்டம் தொடங்கும்போது நின்ற எண், கடைசியில் ஜெயித்தது யார். மூன்றே மூன்று கட்டங்கள்.

கூடம் போடும் எண் என்பது வேறொன்றுமில்லை, இந்த அணி இத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்ற மதிப்பு. எட்டு என்று போட்டால், பலவீனமான அணியின் பக்கம் கட்டுகிறவனுக்கு அந்த எட்டுப் புள்ளியைக் கூடம் சும்மா கூட்டிக் கொடுக்கும். அந்தப் பக்கமே பணம் குவிந்தால் எட்டை ஏழாக்கும், ஏழை ஆறாக்கும். ஸோராவின் நோட்டுகள் பதினொன்று ஆனபோது சில விஷயங்கள் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டன. கல்லூரிக் கூடைப்பந்தில் கூடத்தின் எண்படி எட்டுப் புள்ளி முன்னால் நிற்கும் அணி நூறு ஆட்டத்தில் எழுபத்தெட்டு ஜெயிக்கிறது. நாலு என்றால் அறுபத்தைந்து. ஒன்று என்றால் ஐம்பத்துமூன்று. காசைச் சுண்டிவிட்டாலே ஐம்பது வந்துவிடும். முதலில் போட்ட எண்ணைவிடக் கடைசியில் நின்ற எண்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. முதல் எண் ஒருவரின் யோசனை. கடைசி எண்ணில் விஷயம் தெரிந்தவன், தெரியாதவன் எல்லாருடைய பணமும் பேசி முடித்திருக்கும்.

"இத வெச்சு நீ பந்தயம் கட்டினா இந்நேரம் பங்களா வாங்கியிருக்கலாமேடி" என்பாள் இரண்டாவது ஜன்னலில் இருந்த ஒனீட்டா. லூசியானாக்காரி, ஸோராவைவிட பத்து வயது இளையவள்.

"பங்களாவ யாரு பெருக்கறது?" என்பாள் ஸோரா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு, ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு ஜன்னலைத் திறந்தபோது பலகையில் நாற்பது ஆட்டங்கள் இருந்தன. அடியில், யாரும் கண்டுகொள்ளாத இடத்தில், மொன்டானா மலைப்பக்கத்தில் நடக்கவேண்டிய ஓர் ஆட்டம். டன்மோர் கல்லூரி எல்க் ஃபோர்க் என்ற ஊருக்குப் போய் அந்த ஊர்க் கல்லூரியோடு ஆடுகிறது. டன்மோர் எட்டுப் புள்ளி முன்னால். ஆட்டம் அங்கே மாலை நாலு மணிக்கு. அந்த ஊர்க் கடிகாரம் லாஸ் வேகஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடும்.

எட்டே முக்காலுக்கு மார்ட்டி ஸ்க்லார் வந்தார். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, எந்நேரமும் பற்றவைக்காத சுருட்டு வாயில். பந்தயம்தான் அவர் பிழைப்பு. தெரிந்த ஆட்களுக்காகவும் கட்டுவார்.

"தூக்கம் வரலையா மார்ட்டி?"

"உன் முகத்தப் பாக்காம எனக்கு எப்படிம்மா தூக்கம் வரும்? எல்க் ஃபோர்க் பக்கம் எழுது. எட்டு இருக்கறப்பவே எழுது."

ஓர் ஆள் எவ்வளவு அதிகம் கட்டலாமோ அவ்வளவுக்கும் சீட்டு வாங்கினார். ஸோரா திரும்பிப் பார்த்தாள். பின்னால் மேடையில் நின்ற மேலாளர் ஹெர்ப் லான்ஸ்மன் பலகையில் எட்டை அழித்து ஏழு என்று எழுதினார். மார்ட்டி நகரவில்லை. ஏழிலும் அதே அளவு வாங்கினார். ஹெர்ப் ஆறரை எழுதினார். அதற்குள் ஒனீட்டாவின் ஜன்னலில் யாரோ முன்பின் தெரியாத ஒருவன் அதே ஆட்டத்தை, அதே பக்கத்தை வாங்கிக்கொண்டிருந்தான். ஐந்தாவது ஜன்னலில் இன்னொருவன்.

ஒன்பதே காலுக்கு எண் மூன்றுக்கு வந்துவிட்டது.

இதுவரைக்கும் ஸோராவுக்கு வெறும் சுவாரஸ்யம்தான். விஷயம் தெரிந்த பணம் வந்தால் எண் இறங்கும், அது தினமும் நடப்பதுதான். ஆனால் அப்படி வரும் பணம் ஓரிடத்தில் நிற்கும். எட்டில் வாங்கியவன் ஆறரை வந்ததும் போதும் என்று போய்விடுவான், ஏனென்றால் அவன் மனசில் இருக்கும் எண் ஆறரை. வாங்குவது எங்கே நிற்கிறதோ அதுதான் அவனுக்குத் தெரிந்த விஷயத்தின் எடை. இவர்கள் நிற்கவே இல்லை. மூன்றில் வாங்கினார்கள். ஒன்றில் வாங்கினார்கள். ஹெர்ப் அந்த ஆட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டு, ஓர் ஆள் கட்டும் தொகையை நாலில் ஒரு பங்காக்கினார். அப்படியும் வாங்கினார்கள். எண் பூஜ்யத்தைத் தொட்டு அந்தப் பக்கம் புரண்டது. இப்போது எல்க் ஃபோர்க் இரண்டு புள்ளி முன்னால். பிறகு மூன்று. வாங்குகிற கை அப்போதும் ஓயவில்லை.

ஸோரா ஒரு வீணான சீட்டின் பின்புறத்தில் கிறுக்கினாள். காலையில் டன்மோருக்கு நூற்றுக்கு எழுபத்தெட்டு. இப்போது முப்பத்தெட்டு. இவர்கள் இன்னும் வாங்குவதால், அவர்கள் மனசில் அது இருபத்தைந்துக்கும் கீழே. ஓர் அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரன் உட்கார்ந்துவிட்டால் எண் மூன்று நகரும். இரண்டு பேர் என்றால் ஐந்து, ஆறு. இது பதினொன்று நகர்ந்தும் நிற்கவில்லை. அப்படியானால் முதல் ஐந்து பேருமே இல்லை, அல்லது களத்தில் நிற்கும் நிலையில் இல்லை.

ஐந்து பேரைக் கல்லூரி தள்ளிவைத்திருந்தால் வானொலியில் வந்திருக்கும். பேருந்து கவிழ்ந்திருந்தால் ஆட்டமே நடக்காது, கட்டிய பணம் திரும்பிவிடும், அதற்காக எவனும் இப்படிக் கட்டமாட்டான். ஆகவே ஆட்டம் நடக்கும் என்று நம்புகிறார்கள். ஆடப்போகிற பையன்களால் ஆட முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மார்ட்டி நான்காவது முறையாக ஜன்னலுக்கு வந்தார். ஸோரா பேனாவை எடுக்கவில்லை.

"அஞ்சு பையனுக்குமா உடம்பு சரியில்ல?"

சுருட்டு வாயிலிருந்து இறங்கியது. "யாரு சொன்னா உனக்கு?"

"நீங்கதான் சொல்றீங்க. எட்டுலேருந்து இங்க வரைக்கும் மூச்சு விடாம வாங்கறீங்களே. என்ன உடம்புக்கு?"

"எழுதும்மா முதல்ல."

"சொன்னாத்தான் எழுதுவேன்."

மார்ட்டி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "ஃப்ளூ. எட்டுப் பேருக்கு மேல படுத்துட்டாங்க. அவங்க தங்கியிருக்கற மோட்டல்ல காலைச் சாப்பாடு போடறவன் நம்ம ஆளுக்கு மச்சான். தலைவலி, வாந்தி. காலைல நாலு பேர் எந்திரிச்சு வெளிய நடந்துட்டு வந்து முட்டை, பன்றிக்கறி எல்லாம் நல்லாத்தான் சாப்பிட்டானுங்களாம். ரூமுக்குப் போய்ப் படுத்த அரை மணி நேரத்துல திரும்ப வாந்தி. போதுமா?"

"காய்ச்சல் அடிக்குதா?"

"நான் என்ன டாக்டரா? காய்ச்சல் இல்லியாம். அதனாலதான் கோச் எல்லாரும் தூங்கி எந்திரிங்க, சாயங்காலம் ஆடறோம்னு சொல்லிட்டாராம். இப்ப எழுது."

ஸோராவுக்கு அண்ணன் நினைவு வந்தது.

ஐம்பத்துமூன்றாம் வருஷம் பிப்ரவரி. அவளுக்குப் பத்தொன்பது வயது. அண்ணன் நிகோலாவும் அவன் புது மனைவியும் ஆற்றங்கரைத் தெருவில் மாடி அறை ஒன்றில் குடியிருந்தார்கள். இருவருக்கும் தலைவலி, வாந்தி என்று அம்மா சூப் கொடுத்து அனுப்பினாள். கோயிலுக்கு வந்தபோது இருவரும் தெளிந்திருந்தார்கள். வீட்டுக்குப் போனதும் மறுபடி தலைவலி. மறுநாள் காலை ஸோராதான் போய்க் கதவைத் தட்டினாள். திறக்க உள்ளே யாரும் உயிரோடு இல்லை. அடுப்பின் புகைக்குழாய் அடைத்துப்போயிருந்தது என்று பிறகு சொன்னார்கள். நிறமும் வாசனையும் இல்லாத வாயு. வெளிக்காற்று பட்டால் தெளியும், உள்ளே போனால் மறுபடி பிடிக்கும்.

ஜன்னலை மூடி, 'அடுத்த ஜன்னலுக்குச் செல்லவும்' என்ற அட்டையை வைத்தாள். "ஏய், என் சீட்டு!" என்று மார்ட்டி கத்தினார்.

மேடைக்குப் போய் ஹெர்பிடம் சொன்னாள். ஹெர்ப் ஒரு காதில் தொலைபேசியும் மறு கையில் மார்க்கருமாக நின்றிருந்தார். சனிக்கிழமைக் காலையில் அவரோடு பேசுவது ஓடுகிற ரயிலோடு பேசுவது மாதிரி.

"ஹெர்ப், அந்த மோட்டலுக்கு ஒரு போன் பண்ணணும். அது ஃப்ளூ இல்ல. கேஸ்."

"எந்த கேஸ்?"

"ஹீட்டர் கேஸ். பசங்க மூச்சுல ஏறிட்டிருக்கு."

ஹெர்ப் தொலைபேசியைக் கையால் பொத்தினார். "ஸோரா, நீ இங்கேருந்து ஏழுநூறு மைல் தள்ளி இருக்கே. ஒரு நம்பரப் பாத்துட்டு கேஸுங்கறே."

"நம்பர மட்டும் இல்ல, மார்ட்டி சொன்னதையும் சேத்து."

"ஆட்டத்துக்கு முன்னாடி பந்தயக் கூடத்துல வேலை பாக்கறவ ஆடற டீமுக்கு போன் பண்ணா அதுக்கு என்ன பேருன்னு தெரியுமா? மாநிலம் குடுத்த உன் வேலை அட்டை போயிடும். என் லைசென்ஸும் போயிடும். என் போனத் தொடாத."

"உங்க போனத் தொடல. வெளிய போய்ப் பண்றேன்."

"இப்ப ஜன்னல விட்டுப் போனேன்னா திரும்பி வராத."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அவருடைய மேசைமேல் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, கூடத்துப் பேனா என்பதால் இருக்கலாம்.

பந்தயக் கூடத்தைத் தாண்டினால் காசு போடும் இயந்திரங்களின் கூடம். அதன் கோடியில், கழிவறைக்குப் பக்கத்தில், சுவரில் இரண்டு கட்டணத் தொலைபேசிகள். சில்லறைப் பெண்ணிடம் காகிதத்தில் சுற்றிய கால் டாலர் காசுக் கட்டுகள் நான்கு வாங்கிக்கொண்டு ஸோரா ஓடினாள். விசாரணை எண்ணில் எல்க் ஃபோர்க்கில் இருந்த ஒரே மோட்டலின் எண்ணைக் கேட்டு, காசுகளைத் திணித்து, அழைத்தாள்.

வரவேற்பு மேசைப் பெண் எடுத்தாள். சின்னக் குரல்.

"டன்மோர் பசங்க உங்க மோட்டல்லதான இருக்காங்க? அவங்க கோச்சுகிட்ட பேசணும், அவசரம்."

"நீங்க நாலாவது ஆளு மேடம். காலைலேருந்து மூணு பேரு, யாருக்கு உடம்பு சரியில்லன்னு கேட்டு. கோச் யாரையும் கனெக்ட் பண்ணாதன்னுட்டார்."

"நான் அதக் கேக்க வரல கண்ணு. அவரு அங்க இருந்தா ஒரு நிமிஷம் குடு. பசங்க உயிரு சம்பந்தப்பட்டது."

கை மாறும் சத்தம். ஓர் ஆணின் களைத்த குரல். "யாருங்க?"

"என் பேரு ஸோரா டுகிச். உங்க பசங்களுக்கு வந்திருக்கறது ஃப்ளூ இல்ல, ரூம் ஹீட்டர்லேருந்து..."

அந்தக் கணத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் யாருக்கோ பரிசு விழுந்தது. மணி அடித்தது. தகரத் தட்டில் காசு கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"என்ன சத்தம் அது?" என்றது குரல். "நீ எங்கேருந்து பேசறே?"

ஸோரா பொய் சொல்லியிருக்கலாம். பொய் வாயில் வரவில்லை. "லாஸ் வேகஸ்."

"வெக்கமா இல்ல உங்களுக்கெல்லாம்? இருபது வயசுப் பசங்க அவங்க!" தொலைபேசி அறைந்து வைக்கப்பட்டது.

அவள் அப்படியே சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நோட்டுக்காரி அல்லவா, மனசு தானாகக் கணக்குப் போட்டது. எட்டுப் பேருக்கு ஒரே நாளில் ஃப்ளூ வரும், வராமல் இல்லை. கெட்டுப்போன சாப்பாடாகவும் இருக்கலாம். கேஸ் என்பதற்கு எவ்வளவு? முப்பது? நாற்பது? அறுபது பங்கு, வேலையையும் விட்டுவிட்டு ஊர் சிரிக்க நிற்கப் போகிறாள்.

மறுபடி காசு போட்டாள். அதே பெண்.

"வெச்சிடாத. ஒரே ஒரு கேள்வி. உனக்குத் தலை வலிக்குதா?"

"எனக்கா? இல்லியே."

"பசங்க இருக்கற ரூமும் உன் ஆபீஸும் ஒரே கட்டடமா?"

"இல்ல மேடம், அவங்க பின்பக்கத்துல. அது அக்டோபர்லேருந்து பூட்டியே கிடந்தது. இவங்க வர்றாங்கன்னு நேத்துதான் திறந்து பாய்லரப் பத்தவெச்சோம்."

நாற்பது என்று நினைத்தது எழுபதுக்கு ஏறியது. எண்பதுக்கும்தான்.

"கண்ணு, கேளு. அந்த பாய்லர்லேருந்து கேஸ் கசியுது. ஒரு ரூமுக்கு லைன் குடு. எந்த ரூமானாலும் சரி."

"கோச் திட்டுவாரு..."

"திட்டட்டும். குடு."

மணி ஒன்பது முறை அடித்தது. பத்தாவதில் யாரோ எடுத்தார்கள். பின்னால் தொலைக்காட்சியில் குழந்தைகளுக்கான கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது.

"ம்..."

"தம்பி, எழுந்திரு. ஜன்னலத் திற. கதவத் திறந்துட்டு வெளிய போ."

"அம்மாவா?"

"ஆமா, அம்மாதான். எழுந்திருடா."

"காலு வரமாட்டேங்குது." ஒவ்வொரு வார்த்தையும் சேற்றில் கால் புதைந்து வருவதுபோல வந்தது. "ரிக் எந்திரிக்க மாட்டேங்கறான். தூங்கறேன்மா."

"தூங்காத! டேய்! ரிக்கை விடு, நீ தவழ்ந்தாவது கதவுகிட்ட போ!"

ஏதோ விழுந்தது. தொலைபேசியாக இருக்கலாம், பையனாகவும் இருக்கலாம். கார்ட்டூன் மட்டும் கேட்டது.

"ஸோரா!" ஒனீட்டா ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். "என்னடி பண்றே? ஹெர்ப் அங்க குதிக்கறாரு. உன் ஜன்னல வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு."

"அந்த போன எடு. இந்தா காசு. எல்க் ஃபோர்க் தீயணைப்பு ஸ்டேஷன் நம்பர விசாரி. சீக்கிரம். மோட்டல்ல பின்பக்க ரூமெல்லாம் கேஸ்னு சொல்லு. முகமூடி போட்டுட்டுப் போகச் சொல்லு."

ஒனீட்டா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பக்கத்துத் தொலைபேசியில் காசு விழுந்தது. ஸோராவின் காதில் ஒரு பெண்குரல் குறுக்கிட்டது. தொலைபேசி நிலையம். "நேரம் முடியப் போகுது மேடம், தொடரணும்னா இன்னும் காசு போடுங்க." ஸோரா பல்லால் காகிதத்தைக் கிழித்துக் காசைத் திணித்தாள். இரண்டு காசுகள் கீழே உருண்டன. கார்ட்டூன் திரும்பக் கேட்டது. அவள் காதை அழுத்திக்கொண்டு மூச்சுச் சத்தத்தைத் தேடினாள். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

பக்கத்தில் ஒனீட்டா, "ஆமா சார், வேகஸ்லேருந்துதான். இல்ல சார், நான் குடிக்கல... காலைல பத்து மணிக்கு யாரு சார் குடிப்பா... சரி, இங்க நெறைய பேர் குடிப்பாங்க, நான் குடிக்கல!" என்று கத்தினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, "எப்படித் தெரியும்னு கேக்கறாரு, என்ன சொல்ல?" என்றாள்.

"ரூம்ல இருக்கற பையன் போனக் கீழ போட்டுட்டான்னு சொல்லு. நான் இன்னும் லைன்ல இருக்கேன், அவன் மூச்சு கேக்கலன்னு சொல்லு."

ஒனீட்டா அதைச் சொன்னாள். மறுமுனை கொஞ்சம் பேசியது. அவள் முகம் மாறியது. "கிளம்பிட்டாங்க. நாலு தெருதான் தூரமாம்."

அதற்குப் பிறகு ஸோரா இரண்டு தடவை காசு போட்டாள். காரில் நாலு தெரு கடக்க எவ்வளவு நேரம் ஆகும், பனியில் எவ்வளவு ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. கார்ட்டூனில் ஏதோ ஒரு மிருகம் மலையிலிருந்து விழுந்தது, குழந்தைகள் சிரித்தார்கள். தானியம் விற்கும் விளம்பரம் வந்தது. அது முடிந்து இன்னொன்று வந்தது. பின்னால் இயந்திரத்தின் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்த ஒரு கிழவி, அழாதே என்று சொல்லி ஸோராவின் கையில் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுத் தன் இயந்திரத்துக்குத் திரும்பினாள். தான் அழுதுகொண்டிருப்பது ஸோராவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு கதவு உடைந்தது. கண்ணாடி நொறுங்கியது. பூட்ஸ் கால்கள். "ரெண்டு பேர் இங்க! இவன முதல்ல தூக்கு! மூச்சு இருக்கா?" பதில் கேட்கவில்லை. இன்னொரு கண்ணாடி உடைந்தது. யாரோ தொலைபேசியை மிதித்தார்கள், இணைப்பு போய்விட்டது.

பதில் தெரிய மத்தியானம் இரண்டு மணி ஆயிற்று. ஸோராவும் ஒனீட்டாவும் விடுதிக்கு எதிரே இருந்த காபிக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒனீட்டாவும் வேலைக்குத் திரும்பவில்லை. வானொலிச் செய்தியில் வந்தது. பதினான்கு பேர் மருத்துவமனையில். ஐந்து பேர் நினைவில்லாத நிலையில். ஆட்டம் ரத்து. சாவு இல்லை.

ஒனீட்டா மேசையைக் குத்தினாள். ஸோரா சர்க்கரையைக் காபியில் கொட்டிக்கொண்டே இருந்தாள், ஐந்தாறு கரண்டி போயிருக்கும்.

ஆட்டம் ரத்தானதால் எல்லாச் சீட்டுகளுக்கும் கட்டிய பணம் திரும்பியது. மார்ட்டி ஸ்க்லார் இரண்டு நாள் கழித்து அவளைத் தெருவில் பார்த்தார். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"என் ஆயுசுல அப்படி ஒரு பந்தயம் கிடைச்சதில்ல" என்றார். பிறகு, "ஃப்ளூன்னுதாம்மா நெனச்சேன். சத்தியமா" என்றார்.

"தெரியும் மார்ட்டி."

"எனக்கு ஏன் தோணல? எல்லாத்தையும் நான்தான உனக்குச் சொன்னேன்."

அவர் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவள் சொல்லியிருக்கலாம், சொல்ல மனம் வரவில்லை.

கோச் மூன்றாவது வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார். எண்ணை எங்கே பிடித்தாரோ. "நான் போன வெச்சுட்டேன்" என்றார். "நானா இருந்தாலும் வெச்சிருப்பேன். அந்தச் சத்தத்துல எவன் நம்புவான்?" என்றாள் ஸோரா. அவளிடம் பேசிய பையனின் பெயரை அவர்தான் சொன்னார். டெரல். அவனும் ரிக்கும் ஒரே அறை. ரிக் தேறிவிட்டான். டெரலுக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை, இனி ஆட முடியாது, படிப்பிலும் மனம் ஊன்றவில்லை என்றார். அன்று முழுக்க ஸோரா எதுவும் சாப்பிடவில்லை. பத்து நிமிஷம் முன்னால், மார்ட்டி இரண்டாவது முறை வந்தபோதே கேட்டிருந்தால் என்ற கேள்வி அவளை விடவில்லை. மூன்றில் நிற்கும்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். எண் அந்தப் பக்கம் புரளும்வரை வேடிக்கை பார்த்தாள்.

மார்ச் மாதம் சூதாட்ட விடுதிகளைக் கண்காணிக்கும் மாநில அலுவலகத்திலிருந்து விசாரணைக்குக் கடிதம் வந்தது. நீளமான மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஓர் இளம் வக்கீல். ஆட்டத்துக்கு முன் அணியைத் தொடர்புகொண்டது விதிமீறல், அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் வக்கீலுக்கு வேறு ஒரு விஷயம் புரிய வேண்டியிருந்தது.

"எண் இறங்கறத வெச்சு ஆட்டக்காரங்களுக்கு உடம்பு சரியில்லன்னு எப்படிங்க முடிவு பண்ணீங்க?"

ஸோரா காகிதம் கேட்டு வாங்கி எழுதிக் காட்டினாள். எழுபத்தெட்டு, முப்பத்தெட்டு, நிற்காமல் வாங்கியவர்களின் கணக்கில் இருபத்தைந்துக்கும் கீழே. ஓர் ஆளுக்கு மூன்று புள்ளி. ஐந்து ஆள். வக்கீல் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி. உடம்பு சரியில்லன்னு புரியுது. கேஸ்னு எவ்வளவு நிச்சயமா இருந்தீங்க? கோச் போன வெச்ச நேரத்துல?"

"நாப்பது."

"நூத்துக்கு நாப்பதா?"

"அதுக்கு மேல சொன்னா பொய்."

"நாப்பதுக்கா வேலைய விட்டீங்க? நீங்க பந்தயம் கட்டறவங்க இல்லன்னு சொன்னீங்களே, நாப்பதுக்கு யாரும் கட்டமாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னும் பாக்கணும். நான் தப்பா இருந்தா எனக்கு ஒரு ஜன்னல் போகும். நான் சரியா இருந்து சும்மா இருந்திருந்தா?" பேனாவைக் கீழே வைத்தாள். "அஞ்சா இருந்தாலும் போயிருப்பேன். ஒண்ணா இருந்தா யோசிச்சிருப்பேன்."

பக்கத்தில் இருந்த வயதானவர் முதல் முறையாக வாய் திறந்தார். "ஒண்ணா இருந்தா போயிருக்கமாட்டீங்களா?"

"தெரியல சார். உண்மையாவே தெரியல."

வேலை அட்டையை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். விதி விதிதான் என்றார்கள். வெளியே வரும்போது அந்த வயதானவர் எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார்.

கீழே ஒனீட்டா காரை நிழலில் நிறுத்திக் காத்திருந்தாள்.

"என்னாச்சு?"

"மூணு மாசம்."

"மூணு மாசமா? இவனுங்க மூஞ்சில என் செருப்ப..."

"வண்டிய எடு. பெரிய ஹோட்டல் லாண்டரில போர்வை மடிக்க ஆள் எடுக்கறாங்களாம், அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

"உனக்கு முதுகுவலி இருக்குடி."

"உக்காந்துட்டே மடிக்கலாமான்னு கேப்போம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள் ஸோரா. வண்டி வெயிலுக்குள் போனது.